ஐதராபாத்தில் மாடலிங் வாய்ப்பு: முகமைகளை அணுகும் புதியவர்கள் அறிய வேண்டியவை

ஐதராபாத்: 72-ஆவது உலக அழகிப் போட்டி 2025-ஆம் ஆண்டு மே மாதம் தெலங்கானா மாநிலத்தில் நடைபெற்றது. மே 31-ஆம் தேதி ஐதராபாத் ஹைடெக்ஸ் கண்காட்சி மையத்தில் நடந்த இறுதிச் சுற்றில் தாய்லாந்தின் ஓபல் சுசாதா சுவாங்ஸ்ரீ மகுடம் சூடினார்.

அழகிப் போட்டிகளுக்கும் ஐதராபாத்துக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. 1994-ஆம் ஆண்டின் பிரபஞ்ச அழகி சுஷ்மிதா சென், 1997-ஆம் ஆண்டின் உலக அழகி டயானா ஹைடன், 2000-ஆம் ஆண்டின் ஆசிய பசிபிக் அழகி தியா மிர்சா ஆகிய மூவரும் இந்நகரில் பிறந்தவர்கள். 2020-ஆம் ஆண்டுக்கான மிஸ் இந்தியா பட்டத்தை வென்ற மானசா வாரணாசியும் ஐதராபாத்தைச் சேர்ந்தவரே.

எனினும், மகுடம் என்பது ஆண்டுக்கு ஒருவருக்குக் கிடைப்பது. மாடலிங் தொழிலின் அன்றாட வேலை வேறு இடங்களில் நடக்கிறது. நகைக்கடை விளம்பரம், பட்டுச் சேலைப் பட்டியல், இணைய வணிகத் தளங்களுக்கான ஆடைப் படங்கள், அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரம், தொலைக்காட்சி விளம்பரப் படம் ஆகியவையே பெரும்பாலான மாடல்களுக்கு வருமானம் தருகின்றன. அந்த வேலைகளுக்குள் நுழைய விரும்பும் இளைஞர்கள் முதலில் தேடுவது மாடலிங் முகமைகளை. மோசடிக்காரர்கள் காத்திருப்பதும் அதே வாசலில்தான்.

பணம் எந்தப் பக்கம் செல்கிறது?

மாடலிங் முகமை என்பது மாடலுக்கு வேலை பெற்றுத் தந்து, அந்த வேலைக்கான ஊதியத்திலிருந்து தன் பங்கைக் கழித்துக்கொள்ளும் நிறுவனம். விளம்பரதாரர் முகமைக்குப் பணம் தருகிறார். முகமை தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை மாடலுக்கு வழங்குகிறது. மாடலுக்கு வேலை கிடைக்காத மாதத்தில் அவர் மூலம் முகமைக்கும் வருமானம் இல்லை. ஆகவே வேலை கிடைக்கக்கூடியவர் என்று தான் நம்பும் முகங்களை மட்டுமே உண்மையான முகமை சேர்த்துக்கொள்கிறது. ஏனையோரைத் தயங்காமல் நிராகரிக்கிறது.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், படத்தொகுப்புக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை எனப் பெயர் எதுவாக இருந்தாலும், வேலைக்கு முன்பே புதியவரிடம் பணம் கேட்கும் நிறுவனத்தின் கணக்கு வேறு. அதன் வருமானம் புதியவர்களின் பையிலிருந்தே வருகிறது. அத்தகைய நிறுவனத்துக்கு எவரையும் நிராகரிக்க வேண்டிய தேவை இல்லை. விண்ணப்பித்த அனைவரையும் "தேர்வாகிவிட்டீர்கள்" என்று பாராட்டுவது அதனால்தான்.

ஐதராபாத்தில் பதிவான இரு வழக்குகள்

இந்த முறை எவ்வாறு செயல்படுகிறது என்பதை ஐதராபாத்தை ஒட்டிய சைபராபாத் காவல் ஆணையரகத்தின் இரு வழக்குகள் காட்டுகின்றன.

2022-ஆம் ஆண்டில், குழந்தைகளை விளம்பரங்களில் நடிக்க வைப்பதாகக் கூறிப் பெற்றோரிடம் பணம் பறித்ததாக இருவரைச் சைபராபாத் காவல்துறையினர் கைது செய்தனர். வணிக வளாகத்துக்குக் குழந்தையுடன் வந்த பெற்றோரை அணுகி, குழந்தை மாடலாகத் தேர்வாகியிருப்பதாகக் கூறுவது அக்கும்பலின் வழக்கம் என்று காவல்துறை தெரிவித்தது. பின்னர் ஒப்பனை, படப்பிடிப்பு எனப் பல காரணங்களைச் சொல்லி, திருப்பித் தருவதாக உறுதியளித்து, பல தவணைகளில் லட்சக்கணக்கான ரூபாய் பெறப்பட்டது. ஒவ்வொரு தவணையும் முந்தைய தவணையை மீட்பதற்கான வழியாகவே பெற்றோருக்குக் காட்டப்பட்டது.

இரண்டாவது வழக்கில் பறிக்கப்பட்டது பணமன்று, படங்கள். 2019-ஆம் ஆண்டு ஐதராபாத் மியாப்பூரைச் சேர்ந்த பெண் ஒருவர் அளித்த புகாரின்பேரில், சென்னையில் பணிபுரிந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரைக் காவல்துறையினர் கைது செய்தனர். நட்சத்திர விடுதிகளில் வரவேற்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கும் பெண் அதிகாரி போல் நடித்து, உடல்தோற்றத்தை மதிப்பிட வேண்டும் என்று கூறி அவர் பெண்களிடம் படங்களைக் கேட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. சாதாரணப் படங்களில் தொடங்கிய கோரிக்கை ஆடையற்ற படங்கள் வரை சென்றது. பின்னர் அப்படங்களே மிரட்டும் கருவியாயின. 16 மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 600 பெண்கள் இவ்வாறு ஏமாற்றப்பட்டதாகக் காவல்துறை கூறியது.

அவ்வழக்கு மாடலிங் வேலை தொடர்பானதன்று. ஆயினும், "தோற்றத்தைப் பார்த்தே தேர்வு" என்ற காரணம் மாடலிங் துறையில் இன்னும் எளிதாக நம்பப்படும் என்பதால், அதன் பாடம் இத்துறைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. புதியவரின் விண்ணப்பத்துக்கு ஆடையற்ற படமோ உள்ளாடைப் படமோ தேவையில்லை. அதைக் கேட்கும் இடத்தில் உரையாடலை நிறுத்திவிடுவதே பாதுகாப்பானது.

முகமைக்கு எதை அனுப்ப வேண்டும்?

புதியவரிடம் முகமை எதிர்பார்ப்பது மிகக் குறைவு. செலவு பிடிக்கும் ஒளிப்பட ஆல்பம் முதல் அணுகலுக்குத் தேவையில்லை. முகத்தின் நேர்தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், இடுப்பு வரையிலான படம், தலை முதல் கால் வரையிலான முழு உருவப் படம் ஆகிய நான்கும் போதுமானவை. இத்துறையில் இவற்றை "டிஜிட்டல்ஸ்" அல்லது "போலராய்டு" என்கின்றனர்.

வெள்ளைச் சுவரின் முன், சன்னல் வெளிச்சத்தில், கைபேசியில் வீட்டிலுள்ள ஒருவரே இவற்றை எடுக்கலாம். ஒப்பனை கூடாது, வடிகட்டிகளும் திருத்தங்களும் கூடாது. உடலின் அமைப்பு தெரியும் வகையில் எளிய பனியனும் கால்சட்டையும் அணிவது வழக்கம். தலைமுடி முகத்தை மறைக்காமல் இருக்க வேண்டும். ஒப்பனையும் ஒளியமைப்பும் சேர்ந்தால் முகம் எவ்வாறு மாறும் என்பதை முகமையினர் ஊகித்துக்கொள்வர். அவர்கள் காண விரும்புவது மாற்றத்துக்கு முந்தைய முகத்தை.

படங்களுடன் வயது, உயரம், உடல் அளவுகள், வசிக்கும் ஊர், பேசத் தெரிந்த மொழிகள், தொடர்பு எண் ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். நடனம், நீச்சல், சிலம்பம், இருசக்கர வாகனம் ஓட்டுதல் போன்ற திறன்கள் இருப்பின் அவற்றையும் சேர்க்கலாம். விளம்பரப் படங்களுக்கு அவை பயன்படும். உயரத்தைக் கூட்டியோ வயதைக் குறைத்தோ எழுதுவது பயனற்றது. நேரில் அளக்கும் முதல் நாளிலேயே அது வெளிப்பட்டுவிடும். முகமையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள விண்ணப்பப் பக்கம் அல்லது மின்னஞ்சல் வழியாகவே அனுப்ப வேண்டும். சில வாரங்களில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதன் பிறகும் பதில் இல்லையெனில் அதை மறுப்பாகவே கொள்ள வேண்டும்.

உயரம் குறித்த கேள்வி பலருக்கும் எழுவது இயல்பு. பன்னாட்டு ஆடை அணிவகுப்பு மேடைகளில் பெண்களுக்கு 5 அடி 9 அங்குலத்தை ஒட்டியும், ஆண்களுக்கு 6 அடியை ஒட்டியும் உயரம் எதிர்பார்க்கப்படுகிறது. விளம்பரப் படங்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. வங்கி விளம்பரத்தில் தந்தையாகவும், மசாலா விளம்பரத்தில் தாயாகவும், கல்லூரி விளம்பரத்தில் மாணவியாகவும் தோன்றுவோர் எல்லா உயரத்திலும் எல்லா வயதிலும் தேவைப்படுகின்றனர். தான் எந்தப் பிரிவுக்குப் பொருந்துகிறார் என்பதை அறிந்து, அந்தப் பிரிவில் வேலை செய்யும் முகமையை அணுகினால் வீண் ஏமாற்றங்கள் குறையும்.

நகரில் தொடக்கம் எங்கே?

இந்தியாவில் ஆடை அணிவகுப்புகளின் மையங்களாக மும்பையும் டெல்லியும் விளங்குகின்றன. ஐதராபாத்தின் வலிமை விளம்பரமும் திரைத்துறையும். பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ், ஃபிலிம் நகர் பகுதிகளில் படப்பிடிப்பு அரங்குகளும் விளம்பர நிறுவனங்களும் ஒப்பனைக் கலைஞர்களும் அருகருகே இயங்குகின்றனர். போச்சம்பள்ளி, கத்வால் நெசவுகளும், முத்து நகைகளும் ஆண்டு முழுவதும் புதிய படங்களைக் கோருகின்றன.

மாதாப்பூரில் 1995-ஆம் ஆண்டு முதல் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் வளாகம் செயல்பட்டு வருகிறது. இத்தகைய நிறுவனங்களின் மாணவர்கள் தாங்கள் வடிவமைத்த ஆடைகளைப் படமெடுக்க மாடல்களைத் தேடுவது உண்டு. தொழில் தொடங்கும் ஒளிப்படக் கலைஞர்களும் புதிய முகங்களை நாடுகின்றனர். இரு தரப்பும் ஊதியமின்றி உழைத்து, கிடைக்கும் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. புதியவர் தம் முதல் படத்தொகுப்பை இவ்வழியில் பெருஞ்செலவின்றித் திரட்டலாம். அப்போதும் படங்களை யார், எங்கே பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது.

தமிழ் வாசகர்கள் நன்கறிந்த இரு நடிகையரின் தொடக்கமும் இத்தகைய சிறு வேலைகளில்தான் இருந்தது. சென்னையில் கல்லூரி மாணவியாக இருந்தபோது விளம்பரங்களுக்கு மாடலாகப் பணியாற்றிய சமந்தா, 2010-ஆம் ஆண்டு வெளியான தெலுங்குப் படத்தின் மூலம் கதாநாயகியாக அறிமுகமானார். 1999-ஆம் ஆண்டு மிஸ் சென்னை பட்டம் வென்ற திரிஷாவும் மாடலிங் வழியாகவே திரைக்கு வந்தவர். மானசா வாரணாசியோ கணினிப் பொறியியல் பயின்று, நிதித் தகவல் ஆய்வாளராகப் பணியாற்றிய பின் பட்டம் வென்றார். மாடலிங் வருமானம் ஒழுங்காக வருவதில்லை. ஒரு மாதம் நான்கு வேலைகள் வரலாம், அடுத்த மூன்று மாதங்கள் ஒன்றும் வராமல் போகலாம். படிப்பையோ வேலையையோ கைவிடாமல் தொடங்குபவரால்தான் பொருந்தாத வாய்ப்பை மறுக்க முடியும்.

முகமையைச் சரிபார்ப்பது எப்படி?

மாடலிங் முகமைகளுக்கென்று தனி உரிமச் சட்டம் இந்தியாவில் இல்லை. அலுவலகம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டும் எவரும் தம்மை முகமை என்று அழைத்துக்கொள்ள இயலும். எனவே சரிபார்க்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவரையே சேர்கிறது.

நிறுவனமாகப் பதிவு பெற்றதாகக் கூறினால், மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதன் பெயரைத் தேடிப் பார்க்கலாம். சரக்கு மற்றும் சேவை வரி எண் தரப்பட்டிருப்பின், அது யாருடைய பெயரில் உள்ளது என்பதை அவ்வரிக்கான இணையதளத்தில் எவரும் கட்டணமின்றி அறியலாம். முகமை தன் மாடல்கள் என்று காட்டுவோரில் இருவரையேனும் அவர்களது சமூக ஊடகக் கணக்கு வழியாகத் தொடர்புகொண்டு, ஊதியம் உரிய காலத்தில் வருகிறதா என்று கேட்பது, வேறெந்தச் சான்றிதழைக் காட்டிலும் பயனுள்ள சோதனை.

முதல் சந்திப்பு பகல் நேரத்தில், அலுவலகத்தில் இருக்க வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்து வருவதை எந்த நேர்மையான முகமையும் தடுக்காது. விடுதி அறையில் நேர்காணல், "இன்றே முடிவு சொல்ல வேண்டும்" என்ற நெருக்கடி, குறிப்பிட்ட ஒரே ஒளிப்படக் கலைஞரிடம் பணம் கட்டிப் படம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். வெளிநாட்டு வேலை என்று கூறப்பட்டால் கூடுதல் கவனம் தேவை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைப்படுத்திய ஆடை அலங்காரப் பணியாளர் சட்டம் இங்கு ஒப்பிடத்தக்கது. மாடலிங் நிறுவனங்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். மாடலிடம் வைப்புத்தொகையோ முன்கட்டணமோ பெறக்கூடாது. கமிஷன் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. இந்தியாவில் இவ்விதிகள் சட்டமாக இல்லாவிடினும், ஒரு முகமையின் நேர்மையை அளக்கும் அளவுகோலாகப் புதியவர்கள் இவற்றைக் கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க வேண்டும். இயன்றால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்ட வேண்டும். ஐந்து கேள்விகளுக்கு அதில் தெளிவான பதில் இருத்தல் அவசியம். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு? வேறு முகமை மூலமும் வேலை செய்யலாமா? கமிஷன் எவ்வளவு? விளம்பரதாரர் பணம் கொடுத்த எத்தனை நாளில் மாடலுக்குத் தொகை வந்து சேரும்? விலக விரும்பினால் எவ்வாறு விலகுவது?

ஊதியம் என்பது ஒரு நாள் உழைப்புக்கான தொகை மட்டுமன்று. எடுக்கப்பட்ட படம் எந்த ஊடகத்தில், எந்தப் பகுதியில், எத்தனை மாதம் பயன்படுத்தப்படும் என்பதைப் பொறுத்தே அது அமைய வேண்டும். கடைக்குள் ஒட்டப்படும் என்று சொல்லி எடுத்த படம் நெடுஞ்சாலைப் பதாகையில் தோன்றினால், அதற்குத் தனிக் கட்டணம் கோர ஒப்பந்தமே துணை நிற்கும். செயற்கை நுண்ணறிவு மூலம் மாடலின் உருவத்தை மறு உருவாக்கம் செய்யும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் வராமலேயே அவரது முகம் வேலை செய்யும். நியூயார்க் சட்டம் இதற்குத் தனி எழுத்துபூர்வ ஒப்புதலைக் கட்டாயமாக்கியுள்ளது.

எழுதப்படாத பணிகள் குறித்த கேள்வி உயர்மட்டப் போட்டிகளிலும் எழுந்துள்ளது. 2025 உலக அழகிப் போட்டியின் நடுவே விலகி நாடு திரும்பிய இங்கிலாந்து அழகி மில்லா மேகி, செல்வந்த விருந்தினர்களை மகிழ்விக்கும் நிலைக்குத் தாம் உள்ளாக்கப்பட்டதாகக் குற்றம் சாட்டினார். போட்டி அமைப்பாளர்கள் அதை மறுத்தனர். விருந்துகளிலும் விழாக்களிலும் பங்கேற்பது பணியின் பகுதியா, அதற்கு ஊதியம் உண்டா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவது நல்லது.

சிறுவர்களுக்கான விதிகள்

18 வயது நிறையாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை விளம்பரங்களில் பயன்படுத்த, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு திருத்த விதிகள் கடும் நிபந்தனைகளை விதிக்கின்றன. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றி 3 மணி நேரத்துக்கு மேலும் குழந்தையை வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு, குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகச் செலுத்தப்பட வேண்டும். இவ்விதிகளைப் பற்றிக் கேட்டவுடன் தடுமாறும் நிறுவனத்திடம் குழந்தையை ஒப்படைக்காமல் இருப்பதே நல்லது.

தொல்லை நேர்ந்தால் எங்கே செல்வது?

வாய்ப்புக்கு ஈடாகப் பாலியல் இணக்கம் கோரப்படும் அவலம் ஐதராபாத்தில் பொதுவெளிக்கு வந்தது 2018-ஆம் ஆண்டில். தெலுங்குத் திரைத்துறையில் நிலவும் சுரண்டலைக் கண்டித்து, நடிகை ஸ்ரீ ரெட்டி அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ஃபிலிம் நகரில் உள்ள திரைப்பட வர்த்தக சபையின் முன் போராட்டம் நடத்தினார். அதைத் தொடர்ந்த பெண் அமைப்புகளின் முயற்சியால் 2019-ஆம் ஆண்டு தெலங்கானா அரசு ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கையை வெளியிட வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு சமந்தா பகிரங்கமாகக் கோரினார்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் உரியதன்று. தற்காலிகமாகவோ, முகவர் வழியாகவோ, ஊதியமின்றியோ பணிபுரியும் பெண்களும் அதன் பாதுகாப்பைப் பெறுவர். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் உள் புகார்க் குழுவிடமும், அதற்குக் குறைவாக இருந்தால் அல்லது புகார் உரிமையாளர் மீதே எனில் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடமும் முறையிடலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும்.

பண மோசடிக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது. வேலை தருவதாகப் பொய்யுறுதி அளித்துப் பாலுறவு கொள்வது 69-ஆவது பிரிவின்கீழ் பத்து ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். ஐதராபாத்தில் ஏமாற்றப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர் புகார் அளிக்க மீண்டும் அந்நகருக்குச் செல்ல வேண்டியதில்லை. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதிவு செய்யப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது.

இணையவழியில் பணம் இழந்தவர்கள் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனடியாக அழைத்தால், தொகை கைமாறுவதற்குள் கணக்கை முடக்கும் வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசர உதவிக்கு 112 ஆகிய எண்கள் செயல்படுகின்றன. தெலங்கானாவில் 2014-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஷீ டீம்ஸ் காவல் பிரிவும் பெண்களின் புகார்களைப் பெறுகிறது. படங்களை வைத்து மிரட்டுபவருக்குப் பணம் கொடுத்தாலும் மிரட்டல் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. உரையாடல்கள், பணப் பரிமாற்ற விவரங்கள், அழைப்பு எண்கள் ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாத்து வைப்பதே வழக்குக்கு வலுச் சேர்க்கும். மியாப்பூர் பெண் அளித்த ஒரு புகாரே 16 மாநிலங்களில் பரவியிருந்த குற்றத்தை வெளிக்கொணர்ந்தது.